மாவுக் கப்பல்

மார்ச் 3, செவ்வாய்

நங்கூரம் போட்டு மூன்று நாளாகிறது. துறைமுகத்தின் பெயரை வீட்டுக்குச் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது, படம் எடுத்து அனுப்பக் கூடாது என்று கேப்டன் ஸ்ரீவத்சன் சொல்லிவிட்டார். அதனால் இதிலும் வெறுமனே ஊர் என்றே எழுதுகிறேன்.

காலையில் அந்த ஊர் தண்ணீரை விட்டுக் கொஞ்சம் மேலே எழும்பி மிதந்தது. சூடான காற்று செய்யும் வேலை என்று படித்திருக்கிறேன். ஆனாலும் கண் நம்பிவிடுகிறது. வெள்ளை வீடுகள், ஒரு பள்ளிவாசல், பின்னால் பழுப்பு மலை. எல்லாம் கீழே ஒட்டாமல் காற்றில் நின்றன. ஒன்பது மணி வாக்கில் யாரோ மெதுவாக இறக்கி வைத்ததுபோல் மறுபடி கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் கப்பல் முழுக்கக் கோதுமை மாவு. ஒரு நிவாரண அமைப்பு அந்த ஊர் ஜனங்களுக்கு அனுப்பியது. அங்கே சண்டை நடக்கிறது. சண்டை போடும் இரண்டு தரப்பும் சம்மதித்தால்தான் உள்ளே போகலாம். ஒருவர் சரி என்றால் மற்றவர் இல்லை என்கிறார்.

மூன்றாம் அதிகாரி நான். உயிர்காக்கும் சாமான்கள் என் பொறுப்பு. இன்று படகுகளின் கயிறுகளுக்கு மசகு போட்டோம்.

மார்ச் 5, வியாழன்

ரேடியோவில் ஊர் பேசியது.

என் காவல் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேலறையில், தனியாக நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் குரல் கப்பல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவள் பெயர் இப்திசாம். துறைமுக அலுவலகத்தில் ரசீது போடும் வேலை பார்த்தவளாம். ரேடியோ ஆட்கள் ஊரை விட்டுப் போன பிறகு, யாராவது பதில் சொல்ல வேண்டுமே என்று இவள் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அனுமதி வந்ததா?"

"இன்னும் இல்லை."

"நாளைக்கும் கேட்பேன்" என்றாள். பிறகு, "கடலிலிருந்து பார்த்தால் எங்கள் ஊர் எப்படி இருக்கிறது? நான் பார்த்ததே இல்லை. எனக்குப் படகு ஏறினால் வாந்தி வரும்."

மிதக்கிறது என்றேன். சிரித்தாள். அவள் பேசுவது திக்கித் திக்கி வரும் ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதும்போது சரளமாகிவிடுகிறது.

மார்ச் 6, வெள்ளி

தவக்கால வெள்ளி என்று கஸ்பார் அண்ணன் கறி சமைக்கவில்லை. தூத்துக்குடிக்காரர், கப்பலின் தலைமைச் சமையல்காரர். மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பார். சமையலறைக்குள் போனால் பிள்ளே ஆகிவிடுவேன்.

"அந்தப் பொண்ணு இன்னைக்கும் பேசிச்சாமே. என்ன சொல்லுது?"

"அவங்களுக்கும் நோன்பு மாசம் அண்ணே. வசதியாப் போச்சுங்கிறா. பகல்ல பசிச்சா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்களாம்."

கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு எனக்கு இரண்டாவது தோசை வார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தின்றேன்.

மார்ச் 9, திங்கள்

நேற்று மதியம் மலைப் பக்கம் குண்டு போட்டார்கள். இங்கிருந்து பார்க்கும்போது பஞ்சு வெடிப்பது மாதிரி இருந்தது. சத்தமில்லாமல் ஒரு வெள்ளைப் பூ, பக்கத்தில் இன்னொன்று. அதைப் பார்த்து முடித்து, மறந்துவிடலாம் என்கிற நேரத்தில் சத்தம் தண்ணீர் மேல் நடந்து வந்து சேர்ந்தது.

காலையில் இப்திசாம் கேட்டாள். "மலையடியில் ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா? உயரமானது, நாலு கால்கள். அதற்கு ஒட்டினாற்போல என் அக்கா ஸமீராவின் வீடு. போன் வேலை செய்யவில்லை. போக வேண்டுமானால் இரண்டு தரப்பின் காவலையும் தாண்டிப் போக வேண்டும். ஆபத்து. தொட்டி இருந்தால் வீடும் இருக்கும்."

பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன்.

"மூட்டமாக இருக்கிறது. தெரியவில்லை" என்றேன்.

மூட்டம் இருந்தது உண்மைதான். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் விலகியது. நீலமாக எதுவும் இல்லை.

பிற்பகல் தீயணைப்புக் குழாய்களைச் சரிபார்த்தோம். ஒன்றில் கசிவு.

மார்ச் 10, செவ்வாய்

மறுபடி கேட்டாள். இன்னும் மூட்டம் என்றேன். "காலையில் இங்கே வெயில் அடிக்கிறதே" என்றாள். கடல் மேல் வேறு மாதிரி என்றேன். நம்பினாள். குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

மார்ச் 11, புதன்

இன்றும் கேட்டாள்.

சொறி மீன்கள் கூட்டமாக வந்து கப்பலைச் சுற்றி நின்றன. கண்ணாடிக் குடைகள் போல. நாள் முழுக்க எதற்கோ காத்திருப்பதுபோல் நின்று, பொழுது சாயும்போது ஒன்றாகப் போய்விட்டன.

மார்ச் 12, வியாழன்

விடியற்காலையில் மழை. இந்த மாதத்தில் இங்கே மழையே கிடையாது என்றார்கள். காற்றில் தொங்கிய புழுதியெல்லாம் கரைந்து இறங்கி, மேல்தளம் முழுக்கச் செம்மண் ஓடியது. மழை விட்டதும் ஊர் அப்படியே பக்கத்தில் வந்து நின்றது. மாடியில் காயும் துணிகூடத் தெரிந்தது. இனி மூட்டம் என்று சொல்ல வழியில்லை.

எட்டே கால் மணிக்குக் கூப்பிட்டாள்.

"இப்போது தெரியுமே" என்றாள்.

"தெரிகிறது. தொட்டி இல்லை, இப்திசாம். அந்த இடத்தில் சுவர்களும் இல்லை."

ரேடியோவில் மௌனம் வெறும் மௌனமாக இருக்காது. சீறிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். "நன்றி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மார்ச் 13, வெள்ளி

கூப்பிட்டேன். பதில் இல்லை.

மார்ச் 14, சனி

பதில் இல்லை. காவல் முடிந்து தூங்கினேன். கனவில் எங்கள் மணப்பாட்டுக் கடற்கரை. மணலில் ஒரு கதவு மட்டும் நிற்கிறது. தட்டுகிறேன். உள்ளே இருப்பவர்கள், "மூட்டமா இருக்கு, தெரியல" என்கிறார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

இப்திசாம் வந்துவிட்டாள். குரல் கம்மியிருந்தது.

நான் சொன்ன அன்றே மலைக்கு நடந்திருக்கிறாள். காவல் சாவடியில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்களாம். பிறகு விட்டார்கள். வீடு மாடிப்படியின் மேல் சரிந்து கிடந்தது. படிக்கட்டுக்கு அடியில் அக்காவின் இரண்டு பெண் குழந்தைகள் இருந்தார்கள். பெரியவள் ரீமுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு நாலு. உடைந்த குழாயில் சொட்டிய தண்ணீரைக் குடித்திருக்கிறார்கள்.

"அக்காவின் கால்கள் சுவருக்கு அடியில். புதன்கிழமை வரைக்கும் அம்மா பேசிக்கொண்டு இருந்தாள் என்று ரீம் சொல்கிறாள். கதை சொன்னாளாம்."

பைனாகுலரை எடுத்து அதன் பெட்டிக்குள் வைத்தேன்.

"பிள்ளைகள் இப்போது என்னோடு இங்கே ரேடியோ அறையில் இருக்கிறார்கள். நீ சொன்னதால்தான் போனேன், வினோலியா. இல்லாவிட்டால் போயிருக்க மாட்டேன்" என்றாள்.

கப்பலின் பின்பக்கம் இருக்கும் மிதவைகளில் பெயர் அழிந்திருந்தது. மதியம் முழுக்க உட்கார்ந்து புது எழுத்து எழுதினேன். வெயில் அதிகம். சாப்பிடவில்லை. கஸ்பார் அண்ணன் தட்டை மூடி வைத்திருந்தார்.

மார்ச் 16, திங்கள்

கம்பெனியிலிருந்து உத்தரவு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் கிளம்ப வேண்டும். அதற்கு மேல் இன்சூரன்ஸ் கிடையாது. மாவு வேறு துறைமுகத்துக்குப் போகிறது. அங்கே கிடங்கில் வைத்துப் பிறகு பார்ப்பார்களாம்.

கேப்டன் அறைக்குப் போனேன்.

"உக்காரு. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார். நம்ம கிரேனாலயே இறக்கலாம் சார். ஊர்ல மீன்பிடிப் படகுங்க இருக்கு. அவங்க வந்து எடுத்துக்கிட்டுப் போவாங்க."

"ரெண்டு பக்கமும் சரின்னு சொல்லாம கடல்ல வெச்சு இறக்கினா, ரெண்டு பேரும் சுடலாம். இந்தக் கப்பல்ல பத்தொன்பது பேர் இருக்கீங்க. உங்க வீட்டுக்கெல்லாம் நான்தான் பதில் சொல்லணும்."

"அங்க இருக்கிறவங்களுக்கு சார்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. "அத நான் யோசிக்கலன்னு நெனைக்கிறியா? நாலு நாளா இந்த ஜன்னலத் தொறக்கல நான். தொறந்தா ஊரு தெரியுது" என்றார். கடைசியில், "எல்லாரையும் கேக்கறேன். ஒருத்தர் வேணாம்னாலும் வேணாம். அது நியாயம்தானே?" என்றார்.

நியாயம்தான்.

மார்ச் 17, செவ்வாய்

காலை ரேடியோவில் இப்திசாமிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"வியாழன் காலை பத்துக்கு. அதுவரை எங்கள் கிரேன்கள் வேலை செய்யும்."

அவ்வளவுதான் சொன்னேன். கிரேன்கள் வேலை செய்வது உண்மை. படகுகளோடு வரலாம் என்று அவள் எடுத்துக்கொள்வாள் என்பதும் எனக்குத் தெரியும்.

மார்ச் 18, புதன்

சாயங்காலம் கேப்டன் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டு ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் கஸ்பார் அண்ணன்.

"எனக்கு வேண்டாம் கேப்டன்" என்றார். "ரெண்டு பொட்டப்பிள்ளைய வச்சிருக்கேன். பொண்டாட்டியும் போய்ச் சேந்துட்டா. நான் உசுரோட வீட்டுக்குப் போவணும். தப்பா நெனைக்காதிய."

யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஒருத்தர் அவர் தோளைத் தட்டினார். கேப்டன், "சரி, காலைல எட்டுக்கு நங்கூரம் எடுக்கறோம்" என்று முடித்துவிட்டார்.

படகுகள் வரும் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ரேடியோவில் அவளைக் கூப்பிட்டு வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 19, வியாழன்

வந்தார்கள்.

விடிந்தும் விடியாத நேரம். ஊர் வழக்கம்போல் மேலே மிதந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் இருந்த வெள்ளைப் பட்டையில் கறுப்புப் புள்ளிகள். காற்றில் நடந்து வருகிறவர்கள் மாதிரி வந்தன. கிட்டே வர வரத்தான் படகுகள் ஆயின. சிலதில் மோட்டார், மீதியெல்லாம் துடுப்பு.

கேப்டன் பிரிட்ஜுக்கு ஏறி வந்தார். வெளியே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யார் வரச் சொன்னது?"

"நான்தான் சார்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பத்தொன்பது பேர்" என்று மட்டும் சொன்னார்.

படகுகள் கப்பலைச் சுற்றி வந்து நின்றன. யாரும் கத்தவில்லை, கை நீட்டவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்த் துணியில் தைத்த காலிப் பைகளை ஒரு பெண் மடியில் மடித்து வைத்திருந்தாள், கடைக்கு வந்தவள் போல. முன்னணியில் ஒரு நீளப் படகில் மஞ்சள் சட்டை போட்ட ஆள். எங்கள் நங்கூரச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, படகு ஆடாமல் காலால் தாங்கிக்கொண்டு நின்றார்.

கஸ்பார் அண்ணன் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே மேல்தளத்துக்கு வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் கீழே பார்த்தார். நானும் கேப்டனும் இறங்கி வந்து அவருக்குப் பின்னால் நின்றோம். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

"இப்படி வந்து நின்னா என்னய்யா செய்ய?" என்றார். யாரிடம் என்று தெரியவில்லை. பிறகு திரும்பி, "கிரேன இறக்கச் சொல்லுங்க கேப்டன். சட்டுபுட்டுன்னு முடிப்போம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தூக்கத்தில் நடந்தது போலத்தான் ஞாபகம் இருக்கிறது. வலைக்குள் மூட்டைகள், வலை ஆடி ஆடி இறங்கும். கீழே கைகள் அதைப் பிடித்து நிறுத்தும். சில மூட்டைகள் கிழிந்தன. காற்றில் மாவு பறந்து எல்லோர் தலையும் புருவமும் வெளுத்தன. கப்பலில் இருப்பவர்கள், படகில் இருப்பவர்கள், எல்லோரும் ஒரே வீட்டு ஆட்கள் போல் ஆனோம். மஞ்சள் சட்டைக்காரர் ஒரு தடவை கரைக்குப் போய் இறக்கிவிட்டு மறுபடி வந்தார். என் முகத்தைக் காட்டி, தன் முகத்தைத் தடவிக் காட்டிச் சிரித்தார். நானும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஒன்பதரை இருக்கும். கொஞ்ச தூரத்தில் கடல் எழுந்து நின்றது. மரம் மாதிரி ஒரு தண்ணீர். பிறகுதான் சத்தம். அடுத்த குண்டு கிட்டே விழுந்தது. மூன்றாவது, கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த படகுகளுக்கு நடுவில்.

தண்ணீர் அடங்கியதும் அந்த இடத்தில் கடல் வெள்ளையாக இருந்தது. மாவு. அகன்று அகன்று போனது. நீளப் படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. இரண்டு தலைகள் நீந்தின. இன்னொரு படகு போய் அவர்களைத் தூக்கிக்கொண்டது. மஞ்சளாக எதையும் நான் பார்க்கவில்லை. மூட்டம் இல்லை. தெளிவாகத்தான் இருந்தது.

நங்கூரம் எடுத்தோம். மாவில் பாதிக்கும் மேல் இன்னும் உள்ளே. நாங்கள் திரும்பும்போது காலியாக நின்ற படகுகள் விலகி வழி விட்டன.

மார்ச் 20, வெள்ளி

நேற்று மதியம் நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. கரை மறைந்த பிறகும் ரேடியோ கொஞ்ச நேரம் எட்டும். இப்திசாம் கூப்பிட்டாள். நாளை பெருநாள், ஊரில் தெருவுக்குத் தெரு அடுப்பு எரிகிறது என்றாள். சின்னவள் வெந்தும் வேகாத ரொட்டியைத் தின்றுவிட்டுத் தூங்குகிறாளாம்.

"மஞ்சள் சட்டை போட்டவர்?" என்றேன்.

"ஹம்ஸா. என் தெருக்காரர். அவர் வரவில்லை."

"நான்தான் கூப்பிட்டேன், இப்திசாம். எங்கள் கேப்டன் வேண்டாம் என்று முடிவு செய்த பிறகும் உன்னைத் தடுக்கவில்லை. தொட்டி விஷயமும். முதல் நாளே எனக்குத் தெரியும். திங்கட்கிழமையே."

சீறல். விட்டு விட்டு அவள் குரல்.

"ஒரு நாள் அதைப் பற்றி உன்னோடு சண்டை போடுவேன். நிச்சயம் போடுவேன். ஆனால் ஹம்ஸாவை நீ மட்டும் கூப்பிடவில்லை. அவர் கதவைத் தட்டியது நான். அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே."

அதற்கு மேல் கேட்கவில்லை. பிறகு நான் பேசியது அவளுக்குக் கேட்டதா என்றும் தெரியாது.

ஏப்ரல் 2, வியாழன்

அடுத்த துறைமுகம். கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்து ஓர் அறையில் வைத்து விசாரித்தார்கள். யார் உத்தரவு என்று கேட்டார்கள். "என்னுது" என்றார் கேப்டன்.

"படகுகளை வரச் சொன்னது நான். அவருக்குத் தெரியாது" என்றேன்.

வெளியே வந்ததும் கேப்டன் முதல் தடவையாகக் கோபப்பட்டார். "எதுக்கு நடுவுல பேசின? எனக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான் சர்வீஸ். உனக்கு முப்பது வருஷம் இருக்கு."

"அந்த ஆளுக்கும் இருந்திருக்கும் சார்."

"ஊருக்குப் போய் நல்லா தூங்கு" என்றார்.

எனக்கு வேலை போயிற்று. கஸ்பார் அண்ணன் வழிக்கு எலுமிச்சைச் சோறு கட்டித் தந்தார். "வீட்டுக்குப் போயி அம்மா கையால சாப்புடு பிள்ளே. நானும் போயிருவேன், பாரு, உசுரோடதான் இருக்கேன்" என்று கையை நீட்டிக் காட்டினார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மணப்பாடு. பகலெல்லாம் தூக்கம்.

"கப்பல்ல என்னட்டி நடந்துச்சு? வந்ததுலேர்ந்து ஒரு மாதிரி இருக்க" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. மாவு இறக்கினோம்."

மே 11, திங்கள்

நிவாரண அமைப்பிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். சின்னக் கப்பல் ஒன்று எடுத்திருக்கிறார்களாம். இரண்டு தரப்பும் ஒரு வாரத்துக்கு அனுமதி கொடுத்திருக்கின்றன. அந்த வாரத்துக்குள் எத்தனை நடை முடியுமோ அத்தனை நடை. அந்தக் கடலில் நின்ற அதிகாரி வேண்டும் என்றார் அந்த அம்மாள்.

"என்னால ஒருத்தர் செத்துப் போயிட்டாருங்க" என்றேன்.

"தெரியும். அங்கேயிருந்துதான் உங்க பேரச் சொன்னாங்க."

யோசிக்க இரண்டு நாள் கேட்டிருக்கிறேன். அனுமதியைக் காகிதத்தில் பார்க்காமல் ஒரு படகைக்கூட வரச் சொல்ல மாட்டேன், பார்ப்பதை அப்படியே சொல்வேன் என்று சொன்னேன். "அதுக்குத்தான் கூப்பிடறோம்" என்றார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மாடியில் நின்று கடலைப் பார்த்தேன். இங்கே கடல் தரையிலேயே இருக்கிறது.

ஜூன் 8, திங்கள்

அம்மா அழுதாள். பிறகு அவளே பெட்டியை அடுக்கித் தந்தாள்.

இன்று காலை வந்து சேர்ந்தோம். புழுதிக் காற்று. முன்னால் ஊர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எங்கும் பால் மாதிரி வெளிச்சம். கப்பல் அதற்குள் மெல்ல மெல்லப் போனது. ரேடியோவை எடுத்து ஊரைக் கூப்பிட்டேன். இரண்டு தடவை சீறல் மட்டும். மூன்றாவது தடவை கூப்பிட வாய் வரவில்லை. கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அதுவே பேசியது. மெல்லிய குரல். யாரோ சொல்லிக் கொடுத்த ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தது.

"துறைமுகம் பேசுகிறது. கப்பல், சொல்லுங்கள்."

"ரீமா?"

"ஆமாம். சித்தி வெளியே போயிருக்கிறாள். ரொட்டி வரிசையில் நிற்கிறாள். நான் பதில் சொல்ல வேண்டும் என்று சொன்னாள். நீங்கள் யார்?"

பெயரைச் சொன்னேன். அவள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எங்கள் ஊர் அங்கிருந்து தெரிகிறதா?"

"இல்லை ரீம். இப்போது ஒன்றுமே தெரியவில்லை" என்றேன். "வந்துகொண்டிருக்கிறோம்."